மருந்தின் வடிவமும் மருந்தே

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஆலை ஒன்றில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் மாதிரியைப் பரிசோதித்தபோது, டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவீதம் கலந்திருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே. ஆலையின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள், அதிகாரிகள் ஏன் உறங்கினார்கள் என்பன குறித்து அப்போது நிறையவே விவாதித்தோம். அந்த விவாதம் அவசியமானதுதான். ஆனால், குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் மருந்து வழங்கியவன் என்ற முறையில், அந்த விவாதத்தில் இடம்பெறாத ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அக்குழந்தைகளின் உயிரைப் பறித்தது, புட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த மருந்துகள் எவையும் அல்ல. அந்த மருந்துகளைச் சுமந்து சென்ற திரவமே உயிரைப் பறித்தது.

ஒரு புட்டி சிரப்பில் மருந்து என்று சொல்லத்தக்க பகுதி மிகச் சிறியது. 5 மி.லி. பாராசிட்டமால் சிரப்பில் 120 மி.கி. அல்லது 250 மி.கி. மருந்து இருக்கும். எஞ்சியதெல்லாம் நீர், இனிப்பு, நிறம், மணம், கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், மருந்தைக் கரைக்கும் கரைப்பான் ஆகியவை. இவற்றைத் துணைப்பொருள்கள் என்கிறோம். கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் முதலிய கரைப்பான்கள் மருந்துத் தரத்தில் இருக்க வேண்டும். அவற்றின் இடத்தில் மலிவான, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய டைஎத்திலீன் கிளைகால் கலந்துவிட்டால், கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. அதுவும் இனிக்கவே செய்யும்.

இந்தத் துயரம் புதியதும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்து மாத்திரையாகவும் தூளாகவும் நல்ல பலன் தந்துகொண்டிருந்தது. திரவ வடிவில் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு நிறுவனம் அதை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து விற்றது. 105 பேர் இறந்தனர். அவர்களில் 34 பேர் குழந்தைகள். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அன்று இல்லை. 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டுவிட்டு அதில் ஆல்கஹால் சேர்க்காதது தவறு என்றுதான் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க முடிந்தது. அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே 1938-ஆம் ஆண்டின் அமெரிக்க மருந்துச் சட்டம். அதன் பிறகும் 1998-இல் தில்லியை ஒட்டிய குருகிராமில் 33 குழந்தைகளும், 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளும், அதே ஆண்டில் இந்தோனேசியாவில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகளும் இதே வகை நஞ்சுக்குப் பலியாயினர்.

நம் சித்த மருத்துவ மரபில் 'அனுபானம்' என்றொரு சொல் உண்டு. மருந்தைத் தேனில் குழைத்துத் தருவதா, பாலில் தருவதா, வெந்நீரில் தருவதா என்பதும் சிகிச்சையின் பகுதி என்று அம்மரபு கருதியது. கைக்குழந்தைக்கு மாத்திரையை விழுங்கக் கொடுக்காமல், கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் கலந்து நாவில் தடவும் 'உரை மாத்திரை' அந்தச் சிந்தனையின் விளைவே. மருந்து எது என்பதோடு, அது எந்த வடிவில், எதனுடன் சேர்ந்து உடலுக்குள் செல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்ற அந்தப் பழைய அறிவை நவீன மருத்துவம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

குழந்தை என்பது சிறிய உருவிலான பெரியவர் அன்று என்பதை மருத்துவ மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்வார்கள். பிறந்த குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் முழுமையாக வேலை செய்யத் தொடங்கியிருப்பதில்லை. பெரியவர்களின் உடல் எளிதில் வெளியேற்றும் ஒரு பொருள், குழந்தையின் உடலில் தேங்கி நஞ்சாகும். குளோராம்பெனிக்கால் என்னும் கிருமிக்கொல்லி மருந்து பெற்ற பச்சிளங்குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதைச் சிதைக்கும் திறன் அக்குழந்தைகளின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. 1982-இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் சிலர் மூச்சுத் திணறி இறந்ததற்குக் காரணம் மருந்துகூட அன்று. இரத்தக் குழாயில் பொருத்திய மெல்லிய குழாயைக் கழுவப் பயன்படுத்திய உப்பு நீரில், அது கெடாமலிருக்கச் சேர்த்திருந்த பென்சைல் ஆல்கஹாலே காரணம். பெரியவர்களுக்கு அதே உப்பு நீரால் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை.

எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் வழங்கப்பட்ட லோபினவிர்-ரிட்டோனவிர் திரவ மருந்தில் 42 சதவீத ஆல்கஹால் இருந்தது. அது குமட்டும் அளவுக்குக் கசப்பானது. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியது. மின்சாரமே இல்லாத ஆப்பிரிக்கக் கிராமத்துத் தாயிடம் அதைக் கொடுத்து, ஒரு நாள்கூடத் தவறாமல் புகட்டுங்கள் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி மருத்துவமனைக்குள் வருவோம். பெரியவர்களுக்கான பிரிவில் மிக மெலிந்த நோயாளிக்கும் மிகப் பருத்த நோயாளிக்கும் இடையே எடை வேறுபாடு மூன்று மடங்கைத் தாண்டுவது அரிது. குழந்தைகள் மருத்துவமனையிலோ, ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையும் 40 கிலோ எடையுள்ள பள்ளிச் சிறுவனும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். மருந்தளவு 40 மடங்கு வேறுபடும். ஆனால், ஆலையிலிருந்து வரும் மாத்திரை பெரும்பாலும் ஒரே அளவு. அதுவும் பெரியவர்களுக்கான அளவு.

எடுத்துக்காட்டாக, இதய நோயுள்ள குழந்தைகளுக்கு உடலில் தேங்கும் நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு தருவது வழக்கம். பரவலாகக் கிடைக்கும் மாத்திரை 40 மி.கி. மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 மி.கி. போதும். மாத்திரையை நான்காக உடைத்தாலும் 10 மி.கி. வரும். எனவே அதைப் பொடித்து, 10 மி.லி. நீரில் கலந்து, முக்கால் மி.லி. மட்டும் எடுத்துத் தருகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால், ஃபுரோசமைடு நீரில் கரையாத மருந்து. பொடி அடியில் தங்கிவிடும். மேலே இருந்து எடுத்தால் ஏறக்குறைய வெறும் நீர். அடியில் இருந்து எடுத்தால் பல மடங்கு மருந்து. மருத்துவரின் சீட்டு சரி, செவிலியரின் கணக்கு சரி, மாத்திரையின் தரம் சரி. ஆனால் குழந்தைக்குச் சென்றது எவ்வளவு என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

"சார், நாலா உடைச்சா ஒண்ணு பெருசா வருது, ஒண்ணு தூளாப் போயிடுது. எதைக் கொடுக்கட்டும்?" என்று வீடு திரும்பும் தாய்மார்கள் மருந்தகச் சாளரத்தில் என்னிடம் கேட்டதுண்டு. மிகச் சரியான கேள்வி அது. மருந்தியல் நூல்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும் சிக்கலை அவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள். மருந்தை மெல்ல மெல்ல வெளியிடுமாறு தயாரித்த மாத்திரையையோ, இரைப்பை அமிலத்திலிருந்து காக்க மேலுறை பூசிய மாத்திரையையோ பொடித்தால் நிலைமை இன்னும் மோசம். முன்னதில் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் கலக்கும். பின்னதில் மருந்து இரைப்பையிலேயே வீணாகும்.

ஊசி மருந்துகளின் கதையும் இதுவே. ஜென்டமைசின் ஊசி மருந்து நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் 2 மி.லி. குப்பியில் 80 மி.கி. என்ற செறிவில் வருகிறது. ஒரு கிலோ குழந்தைக்கு 5 மி.கி. தேவையென்றால், எடுக்க வேண்டியது ஒரு மி.லி.யில் எட்டில் ஒரு பங்கு. சிரிஞ்சின் கழுத்துப் பகுதியில் தங்கிவிடும் துளிகூட அந்த அளவில் கணிசமான பங்காகிவிடும். மேலும் பல கிருமிக்கொல்லி மருந்துகள் தூளாக வருகின்றன. தூளுக்கும் ஒரு கன அளவு உண்டு. 10 மி.லி. நீர் சேர்த்தால் கலவை 10 மி.லி.யைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முழுக் குப்பியையும் செலுத்தும் பெரியவர்களுக்கு இது பொருட்டில்லை. அதிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துச் செலுத்தும் குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் மருந்து குறைந்துபோகும்.

பெயர் ஒன்றாகவும் செறிவு வேறாகவும் இருப்பது மற்றோர் ஆபத்து. நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; ஒரு வகை சிரப்பில் 24 மி.கி.; இன்னொரு வகையில் 50 மி.கி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று கொண்டால், முதலாவதில் ஒன்றரை மி.லி., இரண்டாவதில் ஆறேகால் மி.லி., மூன்றாவதில் 3 மி.லி. தர வேண்டும். 'ஆறு மி.லி. கொடுங்கள்' என்று ஒருவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் சொட்டு மருந்தை அதே அளவில் புகட்டினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும். காய்ச்சல் தணியாமல் மறுபடியும் மறுபடியும் அவ்வாறே புகட்டப்பட்டால் கல்லீரல் பாதிக்கப்படும்.

வளர்ந்த நாடுகளும் இதிலிருந்து தப்பவில்லை. 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், ஒரு மி.லி.க்கு 10 அலகு கொண்ட ஹெப்பாரின் குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 அலகு கொண்ட குப்பிகள் வைக்கப்பட்டுவிட்டன. இரண்டும் ஒன்றுபோலவே தோற்றமளித்தன. ஆயிரம் மடங்கு மருந்து செலுத்தப்பட்டு மூன்று குறைமாதக் குழந்தைகள் இறந்தனர். இத்தகைய நேர்வுகளில் ஒரு செவிலியரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டுக் கோப்பை மூடுவது எளிது. ஆனால், ஒரே அலமாரியில் ஒன்றுபோல் தோன்றும் இரு குப்பிகள் இருக்கும்வரை, அடுத்த தவறு அடுத்த இரவுப் பணிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

குழந்தைகளுக்கேற்ற மருந்துகளை நிறுவனங்கள் ஏன் தயாரிப்பதில்லை? சந்தை சிறியது என்பதே முதன்மையான காரணம். பெரும்பாலான நாள்பட்ட நோய்கள் பெரியவர்களுக்கே வருகின்றன. குழந்தைகளிலும் வயதுக்கு வயது அளவு மாறுவதால் ஒரே மருந்துக்குப் பல வடிவங்கள் தேவை. குழந்தைகளிடம் மருந்தைச் சோதிப்பது அறவியல் நோக்கில் கடினம் என்ற தயக்கமும் உண்டு. விளைவாக, சோதிக்கப்படாத மருந்தையே அவர்களுக்குக் கொடுத்துவருகிறோம். இந்த முரணைக் கண்ட ஹாரி ஷிர்கி என்னும் அமெரிக்க மருத்துவர் 1960-களிலேயே குழந்தைகளைச் 'சிகிச்சை உலகின் அநாதைகள்' என்று குறிப்பிட்டார்.

சட்டத்தால் இதை மாற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்கா 2003-இல், புதிய மருந்துகளைக் குழந்தைகளிடமும் ஆராய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், குழந்தைகளுக்கான ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே அளிக்கச் சொன்னதோடு, அதை நிறைவேற்றும் நிறுவனங்களுக்கு ஆறு மாதக் கூடுதல் காப்புரிமைப் பலனையும் அளித்தது. அத்தகைய கட்டாயமும் ஊக்கமும் ஒருங்கே அமைந்த தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை.

2007-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென முதன்முறையாகத் தனி அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து நிபுணர்கள் வந்தடைந்த முடிவு பலருக்கு வியப்பளிக்கலாம். குழந்தை மருந்து என்றாலே சிரப் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, நீரில் எளிதில் கரைந்து பரவும் சிறு மாத்திரைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றார்கள். காரணங்கள் எளியவை. அவற்றுக்குக் கரைப்பான் தேவையில்லை; எனவே டைஎத்திலீன் கிளைகால் நுழையும் வாசலே அடைபடுகிறது. ஒவ்வொரு மாத்திரையிலும் அளவு நிச்சயமானது. புட்டியைவிட எடை குறைவு, உடையாது, வெப்பத்தை நன்கு தாங்கும். ஒரு தேக்கரண்டி காய்ச்சி ஆறிய நீரிலோ தாய்ப்பாலிலோ போட்டால் சில நொடிகளில் கரையும்.

இதன் பலனை நாம் ஏற்கெனவே அனுபவித்துவருகிறோம். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் 14 நாள்களுக்குத் தரப்படும் 20 மி.கி. துத்தநாக மாத்திரை இவ்வகையைச் சேர்ந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி மாத்திரை. பாதியாக உடைக்க அதன் நடுவிலேயே கோடு இருக்கும். காசநோய்க்கும் இப்படியே வழி பிறந்தது. பெரியவர்களின் மாத்திரைகளை உடைத்து உடைத்துக் கொடுத்துவந்த நிலையை மாற்றி, ரிஃபாம்பிசின் 75 மி.கி., ஐசோநயசிட் 50 மி.கி., பைரசினமைடு 150 மி.கி. ஆகிய மூன்றும் சேர்ந்த பழச்சுவை மாத்திரை 2015 இறுதியில் அறிமுகமானது. 4 முதல் 7 கிலோ வரை ஒன்று, 8 முதல் 11 கிலோ வரை இரண்டு என்று எடையைப் பார்த்து எண்ணிக் கொடுத்தால் போதும். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கான 10 மி.கி. டொலுடெக்ராவிர் மாத்திரை 2020-இல் வந்தபின், அந்தக் கசப்புத் திரவத்துக்கு நல்ல மாற்று கிடைத்தது. நிமோனியாவுக்கு அமாக்சிசிலினும் 250 மி.கி. கரையும் மாத்திரையாகக் கிடைக்கிறது. இம்மருந்துகளை உலகுக்குத் தயாரித்து அனுப்புவதில் இந்திய நிறுவனங்களின் பங்கு பெரிது. நம்மிடம் இல்லாதது தொழில்நுட்பம் அன்று. கேட்டுப் பெறும் உறுதியே.

திரவ மருந்துகளை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூக்குக் குழாய் வழியே உணவு பெறும் பச்சிளங்குழந்தைக்குத் திரவம்தான் உதவும். சில மருந்துகள் வேறு வடிவில் கிடைப்பதில்லை. சிலவற்றின் கசப்பை மாத்திரையில் மறைப்பது கடினம். தூய நீர் கிடைக்காத இடத்தில் கரையும் மாத்திரையும் தொல்லையே. ஆனால், தேவையான இடத்தில் மட்டும் திரவம் என்பது ஒரு கொள்கை. எதற்கெடுத்தாலும் சிரப் என்பது வெறும் பழக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று சிந்த்வாரா துயரத்துக்குப் பின் மத்திய அரசு அறிவுறுத்தியதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தானே ஆறும் சளிக்குத் தேவையில்லாத சிரப்பை எழுதாதிருப்பதே முதல் பாதுகாப்பு.

இந்த மாற்றத்தைத் தொடங்கத் தமிழ்நாட்டுக்கு நல்ல அடித்தளம் உண்டு. 1994-இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து தரப் பரிசோதனைக்குப் பின் மருத்துவமனைகளுக்கு வழங்கும் முறையில் பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக விளங்கியது. அரசு என்ன வடிவில் கேட்கிறதோ, அந்த வடிவில் ஆலைகள் தயாரிக்கும். ஆகவே, குழந்தைகளுக்கான மருந்துகளில் கரையும் மாத்திரை கிடைக்குமிடத்தில் அதற்கே முன்னுரிமை என்று கொள்முதல் விதியில் எழுத வேண்டும். தவிர்க்க முடியாத திரவ மருந்துகளில், கரைப்பான் ஆலைக்குள் வரும்போதும், மருந்து வெளியேறும்போதும், ஒவ்வொரு தொகுதியிலும் டைஎத்திலீன் கிளைகால் பரிசோதனை நடந்ததற்கான சான்று இல்லாமல் ஒரு புட்டியைக்கூட ஏற்கக் கூடாது. துணைப்பொருள்கள் அனைத்தும் புட்டியின் மேல் அச்சிடப்பட வேண்டும்.

மருத்துவமனைக்குள் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே செறிவு என்று முடிவு செய்து, மற்றதைக் குழந்தைகள் பிரிவு அலமாரியில் வைக்காமலிருக்கலாம். மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் வேலையைப் படுக்கையருகே செய்யாமல், மருந்தகத்தில், சோதித்துப் பார்த்த வாய்பாட்டின்படி, மருந்து அடியில் தங்காத ஊடகத்தில் கலந்து, தயாரித்த நாளும் காலாவதி நாளும் ஒட்டி வழங்கலாம். எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டலாம். குழந்தையின் எடையைக் கிலோவில், அன்றைய தேதியுடன் எழுதாத மருந்துச் சீட்டை ஏற்பதில்லை என்று விதி செய்யலாம். 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 50 ஆகிவிடும், அரை மி.கி.யை .5 என்று எழுதினால் அது 5 ஆகிவிடும். முன்னதில் பூஜ்யத்தை விடுவதும், பின்னதில் 0.5 என்று பூஜ்யத்தைச் சேர்ப்பதும் உயிர் காக்கும் பழக்கங்கள். வாய்வழி மருந்துக்கென ஊசிக் குழாயில் பொருந்தாத முனை கொண்ட தனி சிரிஞ்சுகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால், வாயில் புகட்ட வேண்டிய மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போகாது. குழந்தைகள் பிரிவுக்கென்று பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர் மருத்துவர்களுடன் படுக்கை தோறும் செல்வாரானால், பிழைகளில் பல நிகழும் முன்பே பிடிபடும்.

பெற்றோர்களும் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். எத்தனை மி.லி. என்பதோடு, எந்தச் செறிவுள்ள புட்டியில் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அளவுக் குழாயாலோ சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். மாத்திரையை உடைக்கலாமா, பொடிக்கலாமா என்று கேட்காமல் உடைக்காதீர்கள். கசக்கிறதென்று ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனில் குழைத்துத் தராதீர்கள். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதில் நரம்புகளைத் தாக்கும் நோயை உண்டாக்கக்கூடும்.

மருந்து வாங்கும் எவரும் புட்டியில் உள்ள மருந்தின் பெயரையும் விலையையும் பார்க்கிறோம். வாக்களிக்கும் வயதும், வழக்காடும் வலுவும், தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லும் மொழியும் இல்லாத ஓர் உயிருக்காக வாங்கும்போது, அந்த மருந்து அதன் உடலுக்கென்று செய்யப்பட்டதா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி முதலில் ஒலிக்க வேண்டிய இடம் அரசின் கொள்முதல் ஆவணம்.

கட்டுரையாளர்: தலைமை மருந்தாளுநர் (ஓய்வு).